அம்மைப்பாலின் பூர்வீகம்

ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கையில் ஒரு வட்டத் தழும்பு இருக்கும். காசு அளவில், நடுவே சற்றுக் குழிந்து, தோல் சுருங்கிப் பளபளப்பாக. கேட்டால், "அம்மை குத்தினது" என்பார்கள். குத்தினது சரி, எதைக் குத்தினார்கள்? பெரியம்மைக் கிருமியை அல்ல. மாட்டம்மைக் கிருமியை என்று பள்ளிப் பாடம் சொல்லிக்கொடுத்தது. அதுவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் உலகம் முழுக்கக் குப்பிகளில் அடைத்து அனுப்பப்பட்ட வைரஸின் பெயர் வாக்சினியா. பெரியம்மையைப் பூமியிலிருந்து துடைத்தெறிந்த இந்த வைரஸ் எந்த விலங்கிலிருந்து வந்தது, பெரியம்மைக்கு அது என்ன உறவு என்ற கேள்விக்கு ஓரளவு தெளிவான விடை கிடைத்ததே இந்த நூற்றாண்டில்தான். இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் மருத்துவர்களும் கால்நடை வைத்தியர்களும் போட்ட சண்டையைப் படித்துப் பார்த்தால், குழப்பத்தில் பாதிக்கு ஒரு பெயரும் மீதிக்கு அழுக்கான கைகளும் காரணம் என்று படுகிறது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். 1796 மே 14 அன்று இங்கிலாந்தின் பெர்க்லி ஊரில் எட்வர்ட் ஜென்னர், பால்கறக்கும் பெண் சாரா நெல்ம்ஸின் கைப்புண்ணிலிருந்து எடுத்த நீரை எட்டு வயதுச் சிறுவன் ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் கீறி ஏற்றினார். ஜூலை முதல் தேதி அவனுக்குப் பெரியம்மைச் சீழைக் குத்திப் பார்த்தார், அம்மை போடவில்லை. (டார்செட் விவசாயி பெஞ்சமின் ஜெஸ்டி 1774-லேயே தன் மனைவிக்கும் மகன்களுக்கும் இதைச் செய்துவிட்டார். அவர் புத்தகம் எழுதவில்லை.) 1798-ல் ஜென்னர் வெளியிட்ட நூலில் இந்த மாட்டு நோய்க்கு 'வேரியோலே வாக்சினே' என்று லத்தீனில் பெயர் வைத்தார். பசுவின் பெரியம்மை என்று பொருள். அன்று வைரஸ் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. மாட்டுப் புண்ணும் மனிதரின் பெரியம்மையும் ஒரே நோயின் இரு வடிவங்கள் என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. ஒன்று மற்றொன்றைத் தடுக்கிறது, ஆகவே இரண்டும் ஒன்றே என்ற ஊகத்தை ஜென்னர் தலைப்பிலேயே எழுதிவிட்டார். அடுத்து வந்த நூறு ஆண்டு ஆராய்ச்சி அந்தத் தலைப்பை நிரூபிக்கவோ மறுக்கவோ முயன்றது.

அதே நூலில் ஜென்னர் சொன்ன இன்னொன்றை மட்டும் உலகம் சௌகரியமாக மறந்தது. இந்த நோய் பசுவுடையதே அல்ல, குதிரையிடமிருந்து வந்தது என்றார் அவர். குதிரையின் குதிகாலில் நீர் வடியும் ஒரு புண் வரும். கிராமத்தார் அதை 'கிரீஸ்' என்றார்கள். அதைக் கழுவி மருந்திட்ட ஆள் கையைச் சரியாகக் கழுவாமல் பால் கறக்கப் போனால் மடிக்குத் தொற்று போகும். பெண்கள் மட்டுமே பால் கறக்கும் அயர்லாந்தில் மாட்டம்மை கிடையாது என்று கேள்விப்பட்டதையும் அவர் தனக்குத் துணையாக வைத்துக்கொண்டார். சக மருத்துவர்கள் குதிரைக் குதிகால் நீரை எடுத்து மாட்டு மடியில் தேய்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் எதுவும் நடக்கவில்லை. குதிரைக் கதை கேலிக்குள்ளானது.

ஆனால் கிரீஸ் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. குதிகாலில் வரும் பல புண்களுக்குமான பொதுப்பெயர். யார்க்ஷயர் மருத்துவர் ஜான் லாய் 1801-லேயே இதைக் கண்டார். குதிரைக்குக் காய்ச்சலோடு வரும் வகை மட்டுமே தொற்றும், வெறும் குதிகால் புண் தொற்றாது என்று பிரித்துக் காட்டினார். மிலானில் லூயிஜி சாக்கோ குதிரையிலிருந்து எடுத்த நீரால் நேரடியாகவே மனிதருக்கு அம்மை குத்தி வெற்றி கண்டார். ஜென்னரும் 1817-ல் குதிரையிலிருந்து எடுத்ததைப் பயன்படுத்தினார். 1860-ல் துலூஸ் பகுதியில் குதிரைகளிடையே பரவிய நோயையும், 1863-ல் பாரிஸ் அருகே அல்ஃபோர் கால்நடைக் கல்லூரியில் கண்டதையும் வைத்து ஆன்ரி பூலே 'குதிரையம்மை' என்று தனிப்பெயரே கொடுத்தார். இவ்வளவு இருந்தும் 'வாக்சின்' என்ற சொல்லில் பசு உட்கார்ந்துவிட்டது. 1881-ல் லண்டனில் லூயி பாஸ்ட்டர், எல்லா நோய்க்குமான தடுப்பு மருந்தையும் ஜென்னரைப் பெருமைப்படுத்தும் விதமாக இனி வாக்சின் என்றே அழைப்போம் என்றார். பசு அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

கைச்சுத்தத்தின் கதைக்கு வருவோம். 1799-ல் லண்டன் பெரியம்மை மருத்துவமனையில் வில்லியம் வுட்வில் நூற்றுக்கணக்கானோருக்கு மாட்டம்மை நீரைக் குத்தினார். பாதிக்கு மேற்பட்டோருக்கு உடலெங்கும் கொப்புளம் கண்டது; ஒரு குழந்தை இறந்தது. உண்மையான மாட்டம்மையில் குத்திய இடத்தில் மட்டும்தான் கொப்புளம் வரும். நடந்தது என்னவென்று ஊகிப்பது கடினமில்லை. அது பெரியம்மை நோயாளிகள் நிறைந்த கட்டடம். அங்கேயே வேறு சிலருக்குப் பெரியம்மைச் சீழைக் குத்தும் பழைய வழக்கமும் நடந்துகொண்டிருந்தது. இரண்டு கிருமிகளும் கலந்தன. அந்த மருத்துவமனையிலிருந்துதான் நூலில் தோய்த்த நீர் நூற்றுக்கணக்கான மருத்துவர்களுக்குப் போனது. ஜென்னர் கொதித்தார். இன்று உலகம் பயன்படுத்துவது மாட்டம்மையே அல்ல, வுட்வில் கட்டடத்தில் பலவீனப்பட்ட பெரியம்மைதான் என்ற வாதம் அன்று பிறந்து, 1977-ல் வரலாற்றாய்வாளர் பீட்டர் ராசெல் எழுதிய நூல் வரை உயிரோடிருந்தது.

நீரும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் அதைக் கெடாமல் காக்க நம்பகமான வழி கைவிட்டுக் கை மாற்றுவது: ஒரு குழந்தையின் கொப்புளம் எட்டாம் நாள் முதிர்ந்ததும் அதிலிருந்து எடுத்து அடுத்த குழந்தைக்கு. வியன்னாவிலிருந்து ழான் டி கார்ரோ அனுப்பிய நீர் பாக்தாத், பஸ்ரா வழியாகக் குழந்தைக்குக் குழந்தை தாவி, பம்பாயில் 1802 ஜூன் 14 அன்று அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தையின் கையை எட்டியது. அங்கிருந்து சென்னைக்கும் வந்தது.

சென்னையில் இந்த வம்சாவளிக் கதைக்கு ஒரு போலிக் கிளையும் முளைத்தது. 1819-ல் மதராஸ் பத்திரிகை ஒன்றில், பசு மடியின் அம்மைநீரைக் குத்தும் முறை தன்வந்திரி பெயரிலான பழைய நூலிலேயே இருக்கிறது என்று ஒரு செய்தி வந்தது. ஐரோப்பாவெங்கும் அது எடுத்தாளப்பட்டது. அத்தகைய சமஸ்கிருதச் செய்யுள் ஒன்றை இயற்றிப் பழைய தாளில் எழுதவைத்தவர் எல்லீஸ் என்று அந்த நூற்றாண்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816-ல் எழுதிய அதே எல்லீஸ், நம்மவர் 'எல்லீசன்' என்று கொண்டாடும் திருக்குறள் அன்பர். மக்கள் அம்மை குத்திக்கொள்ளத் தயங்கினார்கள். சாத்திரத்தில் உள்ளது என்றால் ஏற்பார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார். நல்ல நோக்கம்தான். ஆனால் வேதகாலத்திலேயே தடுப்பூசி இருந்தது என்று இன்றும் சிலர் மேடையில் முழங்கும்போது, அந்த முழக்கத்துக்கு மூலம் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருவரின் கைவண்ணமாக இருக்கலாம் என்பதை அறிந்துகொண்டால் நல்லது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இரண்டு கட்சிகள் உருவாகின. பெரியம்மையை மாட்டில் ஏற்றினால் அது மாட்டம்மையாக மாறிவிடும் என்பது ஒருமைக் கட்சி. இரண்டும் வேறுவேறு, ஒன்று மற்றொன்றாகாது என்பது இருமைக் கட்சி. 1838–39-ல் ஏல்ஸ்பரியைச் சேர்ந்த ராபர்ட் சீலி பெரியம்மைச் சீழை மாடுகளில் ஏற்றி, முத்தான வாக்சினியாக் கொப்புளங்களைப் பெற்றதாக அறிவித்தார். பிரைட்டனில் ஜான் பாட்காக் 1840 முதல் அதையே செய்து, தான் உண்டாக்கிய நீரால் ஆயிரக்கணக்கானோருக்குக் குத்தினார். ஒருவருக்கும் பெரியம்மை வரவில்லை. ஒருமைக் கட்சி வென்றதுபோல் தெரிந்தது.

1865-ல் லியோன் நகரில் ஒகுஸ்த் ஷோவோ தலைமையில் ஒரு குழு அதே சோதனையைக் கூடுதல் கவனத்தோடு செய்தது. மாடுகளில் பெரியம்மை ஏற்றிய இடத்தில் சிறு தடிப்புகள் மட்டும் வந்தன. வாக்சினியாவின் அழகிய கொப்புளம் எதுவும் எழவில்லை. அந்தத் தடிப்பிலிருந்து எடுத்ததை அம்மை குத்தாத குழந்தைகளுக்கு ஏற்றினார்கள். வந்தது பெரியம்மை. மாட்டின் உடலுக்குள் போய்வந்த பிறகும் பெரியம்மை பெரியம்மையாகவே இருந்தது. குழந்தைகளை இப்படிச் சோதித்ததை இன்று படித்தால் உடல் நடுங்கும். ஆனாலும் அந்த நூற்றாண்டில் இந்தக் கேள்வி மீது செய்யப்பட்ட மிகத் தெளிவான சோதனை அதுதான்.

அப்படியானால் சீலிக்கும் பாட்காக்குக்கும் கிடைத்தது என்ன? அவர்கள் பொய் சொல்லவில்லை. மாட்டுக் கொட்டிலிலும் கத்தியிலும் சோதனை செய்பவரின் விரல் நகத்திலும் வாக்சினியா ஏற்கெனவே ஒட்டியிருந்தது என்பதே பொருந்தும் விளக்கம். அம்மை குத்துவதையே தொழிலாகக் கொண்டவர்களின் கொட்டிலில் வாக்சினியா இல்லாத மூலை ஏது? பெரியம்மை மாட்டில் சரியாக வளராது, வாக்சினியா கொழித்து வளரும். கலந்துபோனால் மேலே வருவது எப்போதும் வாக்சினியாதான். பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்று மற்றொன்றாக மாறிவிட்டது. இந்த மாயம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. சீனாவின் தியான்தான் தடுப்பூசி வைரஸ் 1926-ல் ஒரு பெரியம்மை நோயாளியின் பொருக்கிலிருந்து எடுத்து, குரங்கு, முயல், கன்று என்று கடத்தி உண்டாக்கியது என்பார்கள். அதன் மரபணுக்களைப் படித்தபோது அதில் பெரியம்மையின் சாயலே இல்லை, சுத்தமான வாக்சினியா.

இதற்குள் கைவிட்டுக் கை மாற்றும் முறை ஒழிந்து, கன்றுக்குட்டியின் வயிற்றுத் தோலில் வளர்த்துச் சுரண்டி எடுக்கும் முறை நேப்பிள்ஸிலிருந்து பரவிவிட்டது. சிஃபிலிஸ் போன்றவை குழந்தைக்குக் குழந்தை தொற்றும் அபாயம் அதனால் நீங்கியது. சென்னை மாகாணத்துக்கான கன்று அம்மைப்பால் கிண்டியில் தயாரானது. 1899-ல் தொடங்கி, சுகாதார ஆணையர் டபிள்யூ.ஜி. கிங் பெயரில் இன்றும் நிற்கிற கிங் நிலையத்தின் ஆதிவேலை அதுதான். ஊருக்கு ஊர் இப்படிக் கன்றுகளில் வளர்த்து வளர்த்து, லிஸ்டர், நியூயார்க், கோபன்ஹேகன், பட்வாடாங்கர் என்று வாக்சினியாவில் தனித்தனிக் குலங்கள் உண்டாகிவிட்டன. எந்தக் குலம் எந்த விலங்கில் தொடங்கியது என்பதற்கு யாரிடமும் நம்பகமான பதிவு இல்லை.

திருப்பம் 1939-ல் வந்தது. ஆலன் டௌனி, இயற்கையாக மாட்டம்மை வந்த மாடுகளிலிருந்தும் பால்கறப்பவர்களிடமிருந்தும் வைரஸைப் பிரித்தெடுத்துத் தடுப்பூசி வைரஸோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றல்ல. கோழிமுட்டைக் கருவின் சவ்வில் வளர்த்தால் மாட்டம்மை இரத்தம் கசியும் சிவப்புப் புள்ளிகளை எழுப்புகிறது, வாக்சினியா வெண்புள்ளி, பெரியம்மை அதைவிடச் சிறிய வெண்புள்ளி. நோயெதிர்ப்புப் பண்புகளிலும் வேறுபாடு தெரிந்தது. நூற்று நாற்பது ஆண்டுகளாக மாட்டம்மை என்று குத்திக்கொண்டிருந்தது மாட்டம்மை அல்ல என்று முதன்முறையாக ஆய்வுக்கூடம் சொன்னது. சரி, அப்படியென்றால் அது எது?

ஊகங்கள் பெருகின. வுட்வில் கட்டடத்தில் பெரியம்மையும் மாட்டம்மையும் கலந்து பிறந்த கலப்பினம் என்றார்கள் சிலர். தோலிலிருந்து தோலுக்கு நூறு ஆண்டு மாறியதில் மாட்டம்மையே உருமாறிவிட்டது என்றார்கள் வேறு சிலர். 1981-ல் டெரிக் பாக்ஸ்பி, இயற்கையிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்ட குதிரையம்மைதான் வாக்சினியாவின் மூலம் என்று நூலெழுதி வாதிட்டார். ஜென்னரின் குதிரை மீண்டும் வாசலில் வந்து நின்றது. கையில் சான்று மட்டும் இல்லை.

பெரியம்மைக்கு எதிரான போர் முடியும் தறுவாயில் இந்த உறவுமுறைக் கேள்வி திடீரென்று உயிர்ப்பிரச்சினை ஆனது. 1964-ல் நெதர்லாந்தின் பில்தோவன் ஆய்வுக்கூடத்தில், ஆரோக்கியமான குரங்குகளின் சிறுநீரகத் திசுவிலிருந்து ஒரு வைரஸ் கிடைத்தது. எந்தச் சோதனையிலும் அதைப் பெரியம்மையிலிருந்து பிரிக்க முடியவில்லை. மாஸ்கோவிலும் ஆப்பிரிக்க விலங்குகளிலிருந்து அதேபோல் கிடைத்ததாகச் செய்தி வந்தது. 'வெள்ளையம்மை' என்று பெயரிட்டார்கள். குரங்கம்மை என்ற உறவு வைரஸிலிருந்து பெரியம்மை தானாக முளைக்க முடியுமென்றால், மனிதரிடமிருந்து ஒழித்து என்ன பயன்? காட்டிலிருந்து அது திரும்பி வந்துகொண்டே இருக்குமே. மரபணுச் சரட்டைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் நொதிகள் கைக்கு வந்த பிறகு 1980-களில் விடை கிடைத்தது. பில்தோவன் வைரஸ், தென்னிந்தியாவிலிருந்து வந்த பெரியம்மை மாதிரிகளோடு ஒத்துப்போனது. குரங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆய்வுக்கூடத்திலேயே நடந்த கலப்படம். குரங்கம்மையிலிருந்து எழும் வெண்புள்ளி வகைகள் பெரியம்மையிலிருந்து முற்றிலும் வேறுபட்டவை என்பதும் உறுதியானது. வுட்வில் முதல் பில்தோவன் வரை அதே கதை.

மரபணுத்தொகுதிகளை முழுமையாகப் படிக்கத் தொடங்கியதும் உறவு வரிசை தெளிவானது. 1990-ல் வாக்சினியாவின் கோபன்ஹேகன் குலம்: சுமார் 1,92,000 எழுத்துகள். 1993-ல் பெரியம்மை: சுமார் 1,86,000. மாட்டம்மை 2,24,000. இந்தக் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் நடுப்பகுதி ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடெல்லாம் இரு முனைகளில். மாட்டம்மையிடம் கிட்டத்தட்ட எல்லா மரபணுக்களும் இருக்கின்றன, மற்றவை ஆளுக்கொரு விதமாகச் சிலவற்றை இழந்திருக்கின்றன. பெரியம்மை இழந்தவை ஒரு பட்டியல், வாக்சினியா இழந்தவை வேறு பட்டியல். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்று வந்திருக்க வழியில்லை. நம் உறவுமுறையில் சொன்னால் தாயும் பிள்ளையும் அல்ல, பங்காளிகள். அதிலும் பெரியம்மைக்கு மிக நெருங்கிய பங்காளிகள் ஒட்டகத்திலும் ஆப்பிரிக்கக் கெர்பில் எலியிலும் வாழும் அம்மை வைரஸ்கள். வாக்சினியா தள்ளி நிற்கும் கிளை.

2006-ல் குதிரையம்மை வைரஸ் ஒன்றின் முழு மரபணுத்தொகுதி வெளியானது. 1976-ல் மங்கோலியாவில் நோயுற்ற குதிரையிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்தியது. அது வாக்சினியாவின் கிளையிலேயே உட்கார்ந்தது. வாக்சினியா இழந்த சில மரபணுக்கள் இதில் முழுதாக இருந்தன. 2017-ல், ஃபிலடெல்ஃபியாவின் மல்ஃபோர்ட் நிறுவனம் 1902-ல் தயாரித்த அம்மைப்பாலைப் படித்தபோது அதன் நடுப்பகுதி குதிரையம்மையோடு 99.7 விழுக்காடு ஒத்திருந்தது. மாட்டின் பெயரால் உலகம் குத்திக்கொண்ட மருந்தில் குதிரை இருந்தது. தன் மருந்தின் பூர்வீகத்தைப் பற்றி ஜென்னர் சொன்ன இரண்டில், தலைப்பில் எழுதியது தவறு. எல்லோரும் கேலி செய்தது கிட்டத்தட்டச் சரி.

'கிட்டத்தட்ட' என்பதற்குக் காரணம் உண்டு. மாட்டம்மை என்ற பெயரே இப்போது ஆட்டம் காண்கிறது. அந்த வைரஸின் இயல்பான வீடு மாடல்ல, ஐரோப்பிய வயல் எலிகள். மாட்டுக்கும் பூனைக்கும் மனிதருக்கும் எப்போதாவது தாவுகிறது. ஒரே பெயரில் வழங்கும் அதில் பல தனிக்கிளைகள் உள்ளன. சில, பிற மாட்டம்மைகளைவிட வாக்சினியாவுக்கு நெருக்கம். எனவே சாரா நெல்ம்ஸின் கையில் இருந்தது எலியிடமிருந்து வந்ததா, குதிரையிடமிருந்து வந்ததா என்பதை அந்தப் புண்ணே பிழைத்திருந்தால்தான் சொல்ல முடியும். பங்காளிகளில் ஒருவர் எப்படி மற்றவரைத் தடுக்கிறார் என்பது மட்டும் சிக்கலில்லாத பகுதி. இந்த வைரஸ்களின் மேலுறைப் புரதங்கள் அவ்வளவு ஒத்தவை. ஒன்றுக்கு எதிராக உடல் செய்துவைத்த ஆயுதம் மற்றவற்றின் மீதும் பாயும். 1980-களில் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில் கணக்கெடுத்தபோது, பெரியம்மைத் தடுப்பூசி குரங்கம்மையையும் சுமார் 85 விழுக்காடு தடுத்தது தெரிந்தது.

பெரியம்மையின் சொந்த வம்சாவளியும் இப்போது எலும்பிலிருந்து எழுந்து வருகிறது. வில்னியஸ் தேவாலய நிலவறையில் கிடைத்த பதினேழாம் நூற்றாண்டுக் குழந்தையின் உடலிலிருந்து 2016-ல் ஒரு வைரஸின் மரபணு படிக்கப்பட்டது, 2020-ல், கி.பி. 600 முதல் 1050 வரையிலான வடஐரோப்பியரின் எலும்பு, பற்களிலிருந்து இன்னும் பழையவை. அந்த வைக்கிங் காலத்துப் பெரியம்மையில், பின்னாளில் செயலிழந்த சில மரபணுக்கள் அப்போது வேலை செய்துகொண்டிருந்தன. அது கொடிய நோயாக இருந்ததா, லேசானதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். 2018-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் குதிரையம்மையைக் கடையில் வாங்கிய டி.என்.ஏ. துண்டுகளிலிருந்தே கட்டியெழுப்பி வெளியிட்டார்கள். பூர்வீகம் அறிய அது தேவைப்படவில்லை என்பது என் எண்ணம். வழியைத் திறந்துவிட்டதுதான் மிச்சம்.

இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம். உலகிலிருந்து ஒழிந்ததென்று 1980 மே 8 அன்று உலக சுகாதாரச் சபை அறிவித்தது. மீதமுள்ள பெரியம்மை அட்லாண்டாவிலும் சைபீரியாவின் கோல்ட்சோவோவிலும் உறைபெட்டிகளில் பூட்டிக் கிடக்கிறது. வாக்சினியாவைப் பூட்ட யாரும் இல்லை. 1999-ல் பிரேசிலின் ரியோ மாநிலத்துப் பால்மாடுகளில் ஒரு கிளை கண்டுபிடிக்கப்பட்டது. பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில், 1934-ல் லாகூரில் முதலில் பதிவான எருமையம்மையின் வைரஸும் வாக்சினியாவின் கிளைதான். 1980-களில் மகாராஷ்டிராவில் அது எருமைக் கூட்டங்களில் பரவியது. அதன் பிறகும் பல மாநிலங்களில் தலைகாட்டியிருக்கிறது. எருமையின் மடியில் கொப்புளம் வருகிறது, கறக்கிறவர் கையிலும் வருகிறது.